எண்ணெய் வைத்த வெள்ளிக்கிழமை

அந்த வருடத்துக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது கால் வலிதான். ஊழியம், ஜெபம் எல்லாம் அதற்கு அப்புறம். அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். செஞ்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். லீவு விட்டால் மற்ற டீச்சர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. லீவு விட்டதும் விடாததுமாக என் அப்பா சபையில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கிராம ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் போனால் நானும் போயாக வேண்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். செஞ்சியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ‘காம்பவுண்டர் ஐயா’ என்று யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு அப்புறம்தான் பைபிளைத் திறப்பார். முதலில் சொறி, பிறகு சுவிசேஷம் என்று நான் கேலி செய்வேன். அவருக்குச் சிரிப்பு வராது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவருக்குத் தன் வயிற்றுப்புண்ணை மட்டும் ஆற்றிக்கொள்ளத் தெரியவில்லை. ஆற விடவில்லை என்பதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொழுது சாய்கிற வரை உபவாசம் இருப்பார்.

அது என் தம்பிக்காக. அதற்கு மூன்று வருடம் முந்தி, டூரிங் டாக்கீஸில் படம் பார்த்துவிட்டு வந்தான் என்று நைனா அவனைக் கன்னத்தில் அறைந்தார். மீசை முளைத்த பிள்ளை. தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவன் படுக்கை காலியாக இருந்தது. பம்பாய்க்குப் போனான் என்றார்கள், கப்பலில் சேர்ந்தான் என்றார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவன் திரும்பி வருகிற வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடுவதில்லை என்று நைனா பொருத்தனை பண்ணிக்கொண்டார். காய்ச்சலில் கிடந்த வெள்ளிக்கிழமையிலும் அதை விடவில்லை.

அம்மா பொருத்தனை எதுவும் பண்ணவில்லை. அவள் செய்தது வேறு. குடும்ப ஜெபத்தில் நைனா ஜெபித்து முடித்ததும் நாங்கள் ஆமென் சொல்லுவோம். தம்பி போன நாளிலிருந்து அம்மா அந்த ஆமெனைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். முழங்கால் போடுவாள், கண்ணை மூடுவாள், முக்காடும் போட்டுக்கொள்வாள். நைனா முடித்ததும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும். நைனாவுக்கும் அது தெரியும். ஜெபம் முடிந்ததும் ஒரு கணம் காத்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து நான் அலுத்துப்போயிருந்தேன். எனக்கு வந்த வரன்களையும் ‘தம்பி வரட்டும்’ என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆக, அவன் ஒருத்தன் போய் எங்கள் மூன்று பேரையும் கட்டிப் போட்டுவிட்டான்.

ஊழியத்துக்கு அம்மா வரமாட்டாள். பையன் வந்தால் கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டும் என்பாள். ‘நீ போ, அந்த மனுஷன் வழியில உழுந்து வெச்சா தூக்கியார ஆள் வோணும்’ என்று என்னைத் துரத்துவாள். அவ்வளவுதான் என் ஊழிய அழைப்பு.

அந்த வருடம் எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் பைபிள் அம்மா. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதற்காக சபை வைத்திருந்த ஊழியக்காரி. நைனாவைவிட வயதானவர். இரண்டு காலும் வீங்கியிருக்கும், ஆனால் ‘கால் வலிக்குதா’ என்று கேட்டால் கோபம் வந்துவிடும். இளையவர்கள் சென்னையிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்திருந்த நாலைந்து காலேஜ் பிள்ளைகள். அவர்களில் உயரமான பையன் ஒருவன் எந்நேரமும் பசியோடு இருப்பான். முதல் நாள் செஞ்சிக் கோட்டை மலையைப் பார்த்துவிட்டு ‘எப்ப ஏறலாம்’ என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை. பகலெல்லாம் வாங்கின வெயிலைச் சாயங்காலம் அந்தப் பாறைகள் திருப்பிக் கொடுக்கும். பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்த அந்தப் பிள்ளைகள் அனலுக்குத் தூங்க முடியாமல் கண் சிவந்து வருவார்கள்.

நாங்கள் போன ஊர் மேல்சித்தாமூர் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லுகிற வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்த கொல்லைகள், ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. அந்த ஊர்க் காலனியில் சில குடும்பங்கள் சபையில் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் கூலி வேலை செய்கிறவர்கள். ஜெபம் பண்ண அவர்களுக்கு இடம் இல்லை. ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கத்தைக் கொடுத்தார். அதில் பனை ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை எழுப்பிக் கொடுத்துவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. திங்கள்கிழமை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை முடிப்பது என்று ஏற்பாடு.

காலையில் நைனா மருந்துப் பெட்டியைத் திறப்பார். பிள்ளைகளின் தலைப் புண்ணைக் கழுவி ஊதா மருந்து போடுவது என் வேலை. பைபிள் அம்மா பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். காலேஜ் பிள்ளைகள் ஊர் ஆட்களோடு சேர்ந்து மூங்கில் கட்டுவார்கள், ஓலை எடுத்துக் கொடுப்பார்கள். ஓலைக் கருக்கு கிழித்து அவர்கள் கையெல்லாம் கோடு கோடாக இருந்தது. வேலைக்கு நடுவில் எல்லோரும் வட்டமாக நின்று ஆளுக்கொரு ஜெபம் சொல்ல வேண்டும். சின்னவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பைபிள் அம்மா ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் எனக்கு நின்றுகொண்டே கண் செருகும். ஆண்டவர் மன்னிப்பாராக, அந்த வாரம் முழுக்க நான் உருப்படியாக ஜெபித்தது ‘பஸ் தப்பக்கூடாது’ என்பது ஒன்றுதான்.

மத்தியானச் சாப்பாட்டை நாங்களே கொண்டுபோனோம். ஊழியத்துக்குப் போகிற இடத்தில் ஏழைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பது நைனாவின் கொள்கை. அம்மா விடியற்காலையில் எழுந்து தயிர்ச்சோறு பிசைந்து தூக்குகளில் அடைத்துக் கொடுப்பாள். காலனிக்கு வெளியே ஒரு புளியமரம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். புதன்கிழமை வெயிலில் நடந்து வந்தபோது ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டுக்காரர் நைனாவை அடையாளம் கண்டு கூப்பிட்டு எல்லோருக்கும் மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்தோம். கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதையில்லை அல்லவா.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபத்தில் பைபிள் அம்மா ஒரு யோசனை சொன்னார். நாளைக்கு ஐயா உபவாசம் இருப்பார், அவர் மட்டும் ஏன் தனியாக இருக்க வேண்டும், நாம் எல்லோருமே இருப்போம், ஐயாவின் மகன் திரும்பி வரவும் இந்தக் கிராமத்துக்காகவும் ஜெபிப்போம் என்றார். காலேஜ் பிள்ளைகள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். உயரமான பையன் கொஞ்சம் தாமதமாக ஆட்டினான். நைனாவின் கண் கலங்கிவிட்டது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உபவாசம் இருப்பதை மனுஷருக்குக் காட்டக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவி எப்போதும்போல இருக்க வேண்டும் என்பது வேதக் கட்டளை. ஆகையால் கிராமத்தில் யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது என்றார். அவர் எந்தக் கட்டளையையும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறவர்.

அப்படியே செய்தோம். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வழிய, சோற்றுத் தூக்கு இல்லாத வெறுங்கையோடு பஸ் ஏறினோம். பெண் பிள்ளைகள் பவுடர்கூடப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வேலை அதிகம். கூரையின் கடைசி வரிசை, முகட்டுக்கட்டு, தரைக்குச் சாணி. பத்து மணிக்கே அந்த உயரமான பையன் நிழலில் உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தலை சுற்றியது. நைனா வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் முகட்டுக்கட்டை முடித்துவிட்டு ஆட்கள் இறங்கினார்கள். அப்போதுதான் கோழிக் குழம்பு வாசனை வந்தது.

இடம் கொடுத்தவரின் மனைவி வாசலுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும், உரத்த குரல், வாரம் முழுக்க எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள். புதுக் கொட்டகைக்குள் இலை போட்டிருந்தார்கள். அந்த வருடம் அரிசி கிடைப்பதே பெரும்பாடு. செஞ்சிக் கடைத்தெருவில் நாங்களே ரேஷனுக்கு வரிசையில் நின்றோம். அந்த வீடுகளில் கேழ்வரகுக் கூழ்தான் நான் பார்த்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி சேர்த்து, கோழி அடித்து, எங்களுக்காகச் சமைத்திருந்தார்கள். முன்கூட்டிச் சொன்னால் நாங்கள் தடுத்துவிடுவோம் என்று ரகசியமாக வைத்திருந்தார்களாம். அவர்களும் ரகசியம், நாங்களும் ரகசியம்.

“அல்லாரும் கை கழுவிக்கினு வந்து குந்துங்க ஐயா. சோறு ஆறிப்போவுது.”

நைனா கையைக் கூப்பினார். “எங்களுக்கு வேணாம்மா. நீங்க சாப்புடுங்க.”

“இன்னா ஐயா அப்டி சொல்றீங்க? ஒங்களுக்குன்னுதானே ஆக்கினது.”

“இருக்கட்டும்மா. இன்னொரு நாளைக்கு…”

“இன்னொரு நாள் ஏது? இன்னியோட வேலை முடிஞ்சிபோச்சே.”

அவள் பைபிள் அம்மாவைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பெண் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அவள் அந்த உயரமான பையனிடம் போய், “நீயாவது வா தம்பி” என்றாள். அவன் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே “பசிக்கல” என்றான். அவன் பொய் சொல்கிறான் என்பது அங்கே இருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். கூரையிலிருந்து இறங்கின அவள் புருஷன் கையைத் துடைத்துக்கொண்டே, “வுடு. நம்ப கையால துன்ன மாட்டாங்க. நான் அப்பவே சொல்லல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பழகின குரலில் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“திங்கக்கெழமலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன்” என்றாள் அவள். “தெனிக்கும் தூக்குல சோறு எடுத்தாந்து அந்தப் புளியமரத்துல போயி துன்றீங்க. ஊர்த்தெருவுல மோரு குட்த்தா குடிக்கறீங்க. எங்கூட்டு சோறுன்னா மட்டும் வேணாமா? அப்பறம் இன்னாத்துக்கு எங்களுக்கு சாமி? இன்னாத்துக்கு இந்தக் கொட்டா?”

அவள் சொன்னது ஒவ்வொன்றும் நடந்ததுதான். நாங்கள் எந்த ஜாதியிலிருந்து சபைக்கு வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் சபையிலேயே தனிப் பாய் போட்டு உட்காருகிறவர்கள் அப்போது இருந்தார்கள். அதனால் அவளைத் தப்பு சொல்ல வழியில்லை. பாரமாக இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம், மோரை மறுக்கக்கூடாது என்ற மரியாதை, உபவாசத்தைக் காட்டக்கூடாது என்ற பக்தி, எல்லாம் சேர்ந்து எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. எனக்கு நைனா மேல்தான் ஆத்திரம் வந்தது.

“நைனா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றேன். அவர் கூப்பின கையை இறக்காமல் நின்றார். நான் அவளைப் பார்த்து, “இன்னிக்கு எங்க அல்லாருக்கும் உபவாசங்க. தண்ணிகூடக் குடிக்கல. அதான்” என்றேன்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நோம்பு இருக்கறவங்க மூஞ்சியா டீச்சரம்மா இது? கண்ணாலத்துக்குப் போறாப்புல எண்ணெ வெச்சி, பவுடர் போட்டுக்கினு வந்துகீறீங்க! நான் ஒரு நாளு சோறு ஆக்கினேன், அன்னிக்குப் பாத்து அல்லாருக்கும் ஒண்ணா நோம்பா?”

நான் சொன்ன உண்மை, பொய்யைவிட மோசமாகக் கேட்டது. அவள் புருஷன் போட்ட இலைகளை எடுக்கக் குனிந்தார்.

“அத எடுக்காதீங்க” என்றார் நைனா.

அவர் தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு கை கழுவினார். பைபிள் அம்மா பதறிப்போய், “ஐயா, பொருத்தனை…” என்றார். “தெரியும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் இலையில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருட வெள்ளிக்கிழமைகள் அந்த இலையில் இருந்தன. தான் பட்டினி கிடப்பதால்தான் மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அவர் நம்பினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ‘வேண்டாம் நைனா, எழுந்திருங்க’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. ‘சாப்பிடுங்க நைனா’ என்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் சொல்லத் தெம்பில்லாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கு சோறு போடும்மா” என்றார்.

அவள் சோற்றை அள்ளி வேகமாக இலையில் தட்டினாள். கோபம் இன்னும் போகவில்லை. நைனா வழக்கமாகச் சாப்பாட்டுக்கு முன்னால் நீளமாக ஜெபிப்பார். அன்றைக்கு, “ஆண்டவரே, இந்த வூட்டு சோத்துக்கு ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். மிளகாய்க் காரம் மிதக்கிற குழம்பு. வயிற்றுப்புண்காரருக்கு விஷம் மாதிரி. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். அவரைப் பார்த்துக் காலேஜ் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பையன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும்தான் நாங்கள் காலையிலிருந்து பட்டினி என்பதை அவள் நம்பியிருக்க வேண்டும். பைபிள் அம்மா கடைசியாக வந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது தடவை சோறு கொண்டுவந்தபோது அவள் என் பக்கத்தில் குனிந்து, “மெய்யாலுமே நோம்பா?” என்று கேட்டாள். நான் தம்பி விஷயத்தைச் சொன்னேன். அவன் வரும்வரை என்று வேண்டிக்கொண்டதையும் சொன்னேன்.

“அப்ப இன்னிக்கு துன்னுட்டாரே?”

“துன்னுட்டாரு.”

அவள் சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு நைனாவிடம் போய், “புள்ளைக்கு இன்னா வயசு ஐயா?” என்றாள்.

“இருவது முடிஞ்சிருக்கும்மா.”

“எந்த ஊருலன்னா யாராவது சோறு போட்டுக்கினுதான் இருப்பாங்க. வயித்த வெச்சிக்கினு சும்மா இருக்க முடியுமா? இன்னும் கொஞ்சம் வெச்சிக்கங்க.” அவர் வேண்டாம் என்பதற்குள் குழம்பை ஊற்றிவிட்டாள்.

சாயங்காலம் கொட்டகையில் முதல் ஜெபம் நடந்தது. ரோட்டுக்குத் திரும்பி நடக்கும்போது நைனாவுக்கு வலி வந்துவிட்டது. மற்றவர்களை முன்னால் போகச் சொன்னேன். அவர் வரப்போரமாக உட்கார்ந்து சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். எண்ணெய்த் தலையோடு அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஒடச்சிட்டேம்மா. ஒருவேள அவன் இன்னிக்கு கெளம்பி வந்துக்கினு இருந்தான்னா?”

ஆறுதல் சொல்லும் நிலையில் நான் இல்லை. “நீங்க ஒரு வாய் துன்னதுக்காவ அவனப் பாதி வழியில திருப்பி அனுப்பற ஆண்டவரா இருந்தா, அவருக்கு எதுக்கு நைனா நாம கொட்டகை கட்டறோம்? எந்திரிங்க, பஸ்ஸு போயிடும்” என்றேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கனமாக இருந்தார். பஸ்ஸில் யாரும் பாடவில்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். கஞ்சி வடித்து, உப்புப் போட்டு, நைனாவுக்குக் கொடுத்தாள்.

தம்பி வந்தானா என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நைனா இருந்தவரைக்கும் வரவில்லை. சாப்பிட்டதால் வரவில்லை என்றால், பட்டினி கிடந்த வருடங்களில் ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். நான் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் மட்டும் சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தோம். உள்ளே படுத்திருந்த நைனா எழுந்து வந்து கை கழுவிவிட்டுத் தட்டுக்காகக் காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவருடைய தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டுவிட்டு, ரசம் எடுக்க அடுப்பங்கரைக்குள் போனாள். நைனா கண்ணை மூடினார். மூன்று வருடமாக நான் கேட்டுப் புளித்துப்போன அந்த ஜெபம்தான் வரப்போகிறது, அவனைத் திருப்பிக் கொண்டு வாரும் ஆண்டவரே என்று தொடங்குவார் என நினைத்துக்கொண்டு நானும் மூடினேன்.

“ஆண்டவரே, இன்னிக்கு எம் புள்ளைக்கு எந்த வூட்ல சோறு போட்டாங்களோ, அந்த வூட்ட ஆசீர்வதியும்” என்றார்.

வழக்கம்போல ஒரு கணம் காத்திருந்தார். அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஆமென் சொன்னாள்.